வன்னிப் பாடசாலையில் தொழில்முயற்சி வகுப்புத் தொடங்குவது எப்படி: கடிதம், காசு, காலம்

கிளிநொச்சி மாவட்டத்தில், கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பாடசாலையில் 24 பிள்ளைகளை வைத்து எட்டு வாரத் தொழில்முயற்சி வகுப்பு நடத்தினோம்: பிள்ளைகள் குழுவாக ஒரு பொருளைச் செய்து, விலை போட்டு, கடைசி வாரம் சந்தை வைத்து விற்றுப் பழகும் வகுப்பு. அந்த எட்டு வாரத்தை நடத்தி முடிக்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. பிள்ளைகளால் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. கடிதம் போன ஒழுங்கு பிழை, காசு வந்த கணக்குப் பிழை, தொடங்கிய மாதமும் பிழை. அடுத்த தடவை அதே வகுப்பை நான்கு மாதத்தில் முடித்தோம். இடையில் என்ன மாற்றினோம் என்பதை அப்படியே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஊர்ப் பாடசாலைக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பழைய மாணவர்களும், இங்கேயே இருந்து சனிக்கிழமைகளைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களும் என்னைப் போல அலைய வேண்டாம்.

1. எந்தப் பிள்ளைகள், எத்தனை பேர்

தரம் 10 பிள்ளைகளை எடுங்கள். தரம் 11 வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை முன்னால் நிற்கும்போது பெற்றோரும் விடமாட்டார்கள், ஆசிரியர்களும் விடமாட்டார்கள், அவர்கள் சொல்வதும் சரி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை: சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள். அந்தச் சில மாதங்களில்தான் எத்தனையோ பேர் படிப்பை விட்டுவிட்டு மேசன் வேலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பகல் முழுக்க நேரம் உண்டு. 15 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம் என்பதால் தேசிய அடையாள அட்டையும் பெரும்பாலும் கையில் இருக்கும். பொதுநோக்கு மண்டபத்தில் வைத்து நடத்தலாம், ஆனால் பாடசாலை என்ற பாதுகாப்பு வேலி அங்கே இல்லை, பிள்ளைகளின் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான். முதல் தடவை நடத்துபவர் பாடசாலையிலேயே தொடங்குவது நல்லது.

24 பேர் போதும். நான்கு பேராக ஆறு குழு. நாற்பது பேரைச் சேர்த்தால் நான்கைந்து பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பொறி: அதிபரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டால் மாணவத் தலைவர்களும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும்தான் வருவார்கள். பாதி இடத்தை விரும்பிக் கேட்கும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். எங்களிடம் கணக்கை எல்லோரையும் விடச் சுத்தமாக எழுதியவன் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கு வராமல் மாடு பார்த்தவன்.

2. அனுமதி: யாரிடம் முதலில், யாரிடம் பிறகு

முதல் தடவை நான் அதிபரிடம் மட்டும் பேசினேன். அவர் சந்தோசமாகச் சம்மதித்தார், திகதி குறித்தோம், பிள்ளைகளின் பெயரும் எடுத்தோம். தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, எழுத்தில் அனுமதி இல்லை, நிறுத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. ஒரு தவணை முழுக்கப் போனது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, இப்போது இல்லை. வெளியார் ஒருவர் வந்து 15 வயதுப் பிள்ளைகளோடு வாரக்கணக்காக இருக்கப் போகிறார் என்றால் யாரென்று கேட்கத்தான் வேண்டும்.

சரியான ஒழுங்கு இது. முதலில் அதிபரோடு வாய்ப்பேச்சு. அவர் சம்மதித்தால் அவருடைய சம்மதக் கடிதம். அதை இணைத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு (பல பாடசாலைகள் சேர்ந்த கல்வி வலயத்தின் பொறுப்பதிகாரி) உங்கள் வேண்டுகோள் கடிதம், அதிபர் ஊடாகவும், வலயத்தின் உட்பிரிவுக்குப் பொறுப்பான கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாகவும். "ஊடாக" என்ற அந்தச் சொல் கடிதத்தின் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும். பிரதேச செயலருக்கு ஒரு பிரதி. ஒன்றுக்கு மேற்பட்ட வலயத்தில் செய்யப் போகிறீர்கள் என்றால், உதாரணமாக முல்லைத்தீவிலும் துணுக்காயிலும், மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.

எந்தப் பாடசாலை எந்த வலயத்துக்குள் வருகிறது என்று அதிபரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள். தூரத்தை வைத்து நாமாக முடிவெடுத்தால் பிழைக்கும்.

கடிதத்தோடு போக வேண்டியவை:

- எட்டு வாரத் திட்டம், ஒரு பக்கத்தில், திகதியும் நேரமும் போட்டு
- வகுப்பெடுக்கும் ஒவ்வொருவரின் அடையாள அட்டைப் பிரதியும் கிராம அலுவலரின் நற்சான்றிதழும்
- வரவு செலவுத் திட்டம், காசு யாரிடமிருந்து வருகிறது என்ற ஒரு வரியோடு
- பெற்றோர் சம்மதப் படிவத்தின் மாதிரி
- அமைப்பாகச் செய்கிறீர்கள் என்றால் பதிவுச் சான்றிதழின் பிரதி

ஐந்து தொகுதி போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்த திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைதான் பிறகு விசாரிக்கப் போகும்போது உங்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரம். பணிப்பாளர் வெளியே களப்பயணம் போகாத நாள், பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், பஸ் காசும் அரை நாளும் மிச்சம். எங்களுக்கு இரண்டாவது தடவை நான்கு வாரத்தில் அனுமதி வந்தது. நீங்கள் ஆறு வாரம் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

கடிதத்தில் என்ன சொல்லைப் பாவிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சாதாரண தரப் பாடங்களில் தொழில்முயற்சியாண்மைக் கல்வி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலை எடுத்து, உங்கள் வகுப்பு எந்த அலகோடு பொருந்துகிறது என்று ஒரு பந்தி எழுதுங்கள். வலுவூட்டல், தலைமைத்துவம், விழிப்புணர்வு என்று இரண்டு பக்கம் எழுதிய என் முதல் கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை. பாட அலகைச் சொல்லி எழுதிய இரண்டாவது கடிதத்தை உதவிக் கல்விப் பணிப்பாளர் ஒருவர் வாசித்துவிட்டு, தானும் ஒரு நாள் வருகிறேன் என்றார்.

3. காசு எந்தக் கணக்குக்கு வர வேண்டும்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் நல்ல மனதோடு என் சொந்தச் சேமிப்புக் கணக்குக்குக் காசு அனுப்பினார். வங்கியில் எதற்கென்று கேட்டார்கள், அது பெரிய விடயமில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் ஊருக்குள் கதை கிளம்பிவிட்டது, வெளிநாட்டுக் காசு இவருக்கு வருகிறது, எவ்வளவு வருகிறது, பிள்ளைகளுக்கு எவ்வளவு போகிறது என்று. நான் பற்றுச்சீட்டு எல்லாம் வைத்திருந்தேன். இருந்தும் என்ன, என்னிடம் யாரும் நேரே கேட்கவில்லையே, காட்டுவதற்கு.

ஆகவே உங்கள் பெயரில் ஒரு சதமும் வாங்காதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு வரட்டும். அதிபர்தான் அந்தச் சங்கத்தின் தலைவர், பெற்றோரும் பழைய மாணவர்களும் அதில் இருக்கிறார்கள், கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்படும். பதிவுசெய்த பழைய மாணவர் சங்கம் இயங்குகிறது என்றால் அதுவும் நல்ல வழி.

சங்கக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு: ஒவ்வொரு தடவையும் காசு எடுக்கக் கூட்டத் தீர்மானம், கையொப்பம் என்று இழுபடும். வகுப்பு நடக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம் கையொப்பமிட வேண்டியவர் யாழ்ப்பாணத்தில் நிற்பார். இதற்கு ஒரே வழி, தொடங்கும் முன்பே முழு வரவு செலவையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றி, இரண்டு தவணையில் எடுப்பது என்று எழுதிக்கொள்வது. முதல் தவணை வகுப்புக்கு ஒரு வாரம் முன், இரண்டாவது தவணை பிள்ளைகள் விற்கும் சந்தை நாளுக்கு இரண்டு வாரம் முன்.

காசு அனுப்புபவருக்கும் ஒரு சொல். பற்றுச்சீட்டுகளின் படத்தை மாதம் ஒருமுறை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பிள்ளைகளின் படத்தைக் கேட்காதீர்கள். இதைப் பற்றிக் கீழே ஐந்தாவது படியில் எழுதியிருக்கிறேன்.

4. எந்த மாதம் தொடங்குவது

உலகத் தொழில்முயற்சி வாரம் ஒவ்வொரு வருடமும் நவம்பரில் வருகிறது என்பதால் பல நிறுவனங்கள் அந்த மாதத்தைக் குறி வைக்கின்றன. வன்னியில் நவம்பர் மழை மாதம். குளங்கள் நிரம்பி வான் பாயும், உள் வீதிகளில் பஸ் நின்றுவிடும், சில பாடசாலைகளில் வெள்ளத்தால் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருக்கும். என் முதல் முயற்சியின் நான்காவது வாரம் வெள்ளத்தில் போனது, அதோடு பிள்ளைகள் காய வைத்த மோர்மிளகாயும் போனது.

தை, மாசியும் சரிவராது. காலபோக அறுவடை நேரம், வீட்டில் எல்லாக் கையும் வயலில் தேவை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழே உள்ள ஊர் என்றால் அந்த வருடம் சிறுபோகம் (கோடைகால நெற்செய்கை) எத்தனை ஏக்கருக்கு விதைக்கிறார்கள் என்பதையும் கமக்காரர் அமைப்பிடம் கேளுங்கள்.

எங்களுக்குப் பொருந்தியது சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய இரண்டாவது வாரம். மழை இல்லை, காய வைக்க வெயில் உண்டு, அறுவடைக் காசு கொஞ்சம் ஊரில் புழங்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும், முல்லைத்தீவுப் பக்கம் அந்த வாரம் வகுப்பு வைக்க வேண்டாம். மன்னார், மடுப் பக்கம் ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவைச் சுற்றி ஒரு கிழமையை விட்டுவிடுங்கள். பரீட்சைகளின் திகதி சில வருடங்களாக மாறி மாறி வருகிறது, அந்த வருட நாட்காட்டியை அதிபரிடம் வாங்கிப் பார்த்துவிட்டே திகதி போடுங்கள்.

நேரம்: பாடசாலை 1.30க்கு விடும். கிழமை நாளில் 2 மணி முதல் 4 மணி வரை, அல்லது சனிக்கிழமை காலை. சனிக்கிழமை என்றால் ரியூசன் நேரத்தோடு மோதும், ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் மறைக்கல்வியும் இருக்கும். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் 4.40. அதற்கு ஏற்ற மாதிரி 4 மணிக்கே முடித்தோம். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து அல்ல, எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவாள் என்பதைப் பார்த்துத்தான். ஒரு பெண் ஆசிரியர் கடைசிவரை நிற்பார் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

5. பெற்றோர் கூட்டம்

இதைத் தவிர்க்கவே கூடாது. தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் முகத்தில் முதலில் வருவது கடன் பயம். நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து நின்றவர்களுக்குப் பதில் சொல்லி நொந்துபோன தாய்மார் இங்கே எத்தனையோ பேர். கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நேரடியாகவே கேட்டார், பிள்ளையின் பெயரில் ஏதாவது கையெழுத்து வாங்குவீர்களா என்று. இல்லை என்று வாயால் சொன்னது போதவில்லை. சம்மதப் படிவத்திலேயே மூன்று வரி சேர்த்தோம்: இந்த வகுப்பில் கடன் கிடையாது, பிள்ளையோ பெற்றோரோ எந்தக் காசும் கட்ட வேண்டியதில்லை, நட்டம் வந்தால் அதை யாரும் ஈடுசெய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோரும் கையொப்பமிட்டார்கள். நீங்களும் அதை எழுத்தில் கொடுங்கள்.

அதே படிவத்தில் படம் எடுப்பது பற்றித் தனியாக ஒரு கேள்வி வையுங்கள், ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு பெட்டி போட்டு. இல்லை என்று சொன்ன பிள்ளையைப் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப நிலையை எழுதிப் படத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்புவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். தகப்பன் இல்லாத பிள்ளை என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விடயம், காசு சேர்ப்பதற்கான தலைப்பு அல்ல. இதோடு சேர்த்து இன்னொன்று: முதல் நாள் அறிமுகத்தில் "அப்பா என்ன வேலை செய்கிறார்" என்று கேட்காதீர்கள். வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் எங்கள் வகுப்பில் வட்டமாக இருத்தி அதைத்தான் கேட்டார், மூன்றாவது பிள்ளையிலேயே வகுப்பு மௌனமாகிவிட்டது. "உங்கள் வீட்டில் யார் எதை நன்றாகச் செய்வார்கள்" என்று கேளுங்கள். அம்மம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவதிலிருந்து அண்ணா சைக்கிள் திருத்துவது வரை வந்து விழும், விற்கக்கூடிய பொருளும் அதற்குள்ளேயே இருக்கும்.

வகுப்பெடுக்கும் எல்லோரும் 1929 என்ற எண்ணை அறிந்திருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி இலக்கம் அது. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை முதல் வாரமே போய்ச் சந்தித்து விடுங்கள். பழகிய பிறகு பிள்ளைகள் உங்களிடம் சில விடயங்களைச் சொல்வார்கள், அப்போது யாரிடம் போவதென்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

6. எவ்வளவு செலவாகும்

எங்கள் இரண்டாவது தடவைக் கணக்கு, 24 பிள்ளைகள், மூன்று பெரியவர்கள், எட்டு வாரம்:

சிற்றுண்டியும் தேநீரும் வாரம் ஆளுக்கு 150 ரூபாப்படி 32,400. ஆறு குழுவுக்கு முதல், அதாவது மூலதனம், 4,000 வீதம் 24,000. பயிற்றுநர் பயணம் 16,000. சந்தை நாளுக்குக் கொட்டகை, மேசை, ஒலிபெருக்கி 12,000. கொப்பி, பேனை, பேப்பர் 9,000. போட்டோப் பிரதி, தொலைபேசி 4,600. எல்லாமாக 98,000 ரூபா. இதற்கு மேல் 10,000 கையிருப்பு வைத்திருந்தோம், பஸ் போகாத ஊரிலிருந்து வந்த மூன்று பிள்ளைகளின் ஓட்டோவுக்கு அதில் 6,000 போனது. விலைவாசி மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தத் தலைப்பில் செலவு வரும் என்பது மாறாது.

சிற்றுண்டியைக் குறைக்காதீர்கள். காலையில் சாப்பிடாமல் வந்து 2 மணிக்கு வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இலாபக் கணக்கு ஏறாது. ரீசேட் அடிக்காதீர்கள். எங்களிடமும் ஒருவர் பெயர் பொறித்த ரீசேட் கேட்டார், விலை விசாரித்தால் ஆறு குழுவின் முதலையும் தாண்டியது.

குழுக்களுக்குக் கொடுக்கும் மூலதனக் காசை அன்பளிப்பு என்றும் சொல்லாதீர்கள், கடன் என்றும் சொல்லாதீர்கள். நாங்கள் "சுழற்சி முதல்" என்றோம். சந்தை முடிந்ததும் முதல் மட்டும் திரும்பி வரும், அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்குப் போகும், இலாபம் முழுக்கக் குழுவுக்கு. நட்டம் வந்தால் மிஞ்சியதைக் கொடுத்தால் போதும், ஆனால் எங்கே போனது என்று எழுதிக் காட்ட வேண்டும்.

7. எட்டு வாரத்தில் என்ன படிப்பிப்பது

பெரியவர்களுக்காகத் தயாரித்த பயிற்சிக் கையேடுகளை அப்படியே கொண்டுவந்து கொட்ட வேண்டாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ILO) தொழில் தொடங்கும் பயிற்சித் தொகுதி நல்லது, நானும் அதில் படித்தவன்தான், ஆனால் அது ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்கும் வைக்கப் போகிறவருக்கும் எழுதியது. பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலைக் கணிப்பை மட்டும் எடுத்தேன்.

எங்கள் ஒழுங்கு: முதல் இரண்டு வாரம் ஊரைப் பார்ப்பது. கொப்பியோடு அனுப்பி, சந்தியில் எந்தக் கடையில் என்ன விற்கிறது, எது வெளியூரிலிருந்து வருகிறது என்று எழுதி வரச் சொன்னோம். ஊரில் உழுந்து விளைகிறது, கடையில் தொங்குகிற வடகப் பை எங்கிருந்தோ வருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து வந்தார்கள். மூன்றாம் வாரம் பொருளைத் தெரிவு செய்தல். நான்கும் ஐந்தும் விலைக் கணிப்பு. ஆறில் சிறிதாக ஒரு தொகுதி செய்து பத்துப் பேருக்குக் கொடுத்துக் கருத்துக் கேட்டல். ஏழில் செய்முறை, பொதி. எட்டில் சந்தை.

விலைக் கணிப்புக்கு இரண்டு வாரம் அதிகம் என்று நினைப்பீர்கள். அதுதான் முழு வகுப்பும். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தும் எல்லோருக்கும் கச்சான் (நிலக்கடலை) விற்கும் காட்சி தெரியும், அதனால் கச்சானையே உதாரணமாக எடுத்தேன். ஒரு கிலோ கச்சான் 800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 50 கிராம் பை இருபது வரும், ஆகவே பை ஒன்று 40 ரூபா, 50க்கு விற்றால் பத்து ரூபா இலாபம் என்று எல்லாக் குழுவும் சொன்னது. சரி, விறகு? வீட்டில் இருந்தது சேர். உப்பு? அதுவும் வீட்டில்தான். பை? சைக்கிளில் போய்வந்த தூரம்? எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டினால் 1,000 வந்தது. பிறகு அடுப்பில் வறுத்து எடை பார்த்தோம். ஈரம் போய் 900 கிராம்தான் இருந்தது, பதினெட்டுப் பை. பை ஒன்றுக்கு 55 ரூபாவுக்கு மேல் செலவு. 50க்கு விற்றிருந்தால் ஒவ்வொரு பையிலும் கையைக் கடித்திருக்கும்.

"வீட்டில் இருந்தது" என்ற அந்த இரண்டு சொல்லை எங்கே கண்டாலும் நிறுத்திக் கேளுங்கள். வீட்டுத் தேங்காயும் அம்மாவின் இரண்டு மணி நேரமும் சும்மா வருவதில்லை. அம்மாவின் நேரத்துக்கு என்ன விலை போடுவது என்று ஒரு குழுவுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது, நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் அவர்கள் நாட்கூலியைக் கேட்டறிந்து மணிக்குப் பிரித்துப் போட்டார்கள்.

8. உணவுப் பொருள் என்றால் கவனம்

பெரும்பாலான குழு உணவுதான் கொண்டுவரும்: எள்ளுருண்டை, ஒடியல் மா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய், ஊறுகாய். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மூன்றாம் வாரமே போங்கள், சந்தைக்கு முதல் நாள் அல்ல. எங்கே சமைப்பது, தண்ணீர் எங்கிருந்து, தலையும் நகமும் எப்படி என்று அவர் வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேசினார், நாங்கள் பேசியதை விடப் பிரயோசனம். பாடசாலைக்குள் விற்பதென்றால் சிற்றுண்டிச்சாலைக்கான சுற்றுநிருபம் எந்தப் பண்டத்துக்கு இடம் கொடுக்கிறது என்று அதிபரிடம் பாருங்கள், இனிப்பும் பொரியலும் அதில் மாட்டும்.

பையில் ஒட்டும் சுட்டியில் (லேபல்) இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், நிகர எடை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை, செய்தவர் பெயரும் முகவரியும். முகவரிக்குப் பிள்ளையின் வீட்டை அல்ல, பாடசாலையைப் போடுங்கள். நிறுப்பதற்கு முத்திரை குத்திய தராசு உள்ள கடைக்காரரிடம் ஒரு நாள் உதவி கேளுங்கள், வீட்டுச் சமையல் தராசு பத்துப் பதினைந்து கிராம் பிழை காட்டும்.

உணவு வேண்டாம் என்ற குழுக்களுக்குப் பனை ஓலைப் பொருள், கன்றுகள், தேங்காய்த் தும்புக் கயிறு, சைக்கிள் கழுவித் திருத்துதல் எல்லாம் சரிவந்தது. பிரதேச செயலகத்தில் விதாதா வள நிலையமும் (சிறு தொழிலுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கும் அரச நிலையம்) சிறு தொழில் முயற்சி அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள், பொதி செய்வது, உலர்த்துவது பற்றிக் காசில்லாமல் சொல்லிக் கொடுப்பார்கள். கேட்டால்தான் வருவார்கள், கேளுங்கள்.

9. சந்தை நாள்

இடத்தை ஒரு மாதம் முன்பே எழுத்தில் எடுங்கள். பாடசாலை வளவுக்குள் என்றால் அதிபர் போதும். கோயில் திருவிழா, பொதுச் சந்தை என்றால் ஆலய நிர்வாகத்திடமும் பிரதேச சபையிடமும் கேட்க வேண்டும், கட்டணமும் இருக்கலாம்.

மூன்று பொறி சொல்கிறேன். ஒன்று, ஆசிரியர்களும் சொந்தக்காரரும் இரக்கத்தில் வாங்கி முடித்துவிடுவார்கள், பிள்ளைகள் சந்தை என்றால் இப்படித்தான் என்று நம்பிவிடுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் வெளியாருக்கு மட்டும் என்று வைத்தோம். இரண்டு, "நாளைக்குத் தாறேன்" என்று எடுத்துப் போகிறவர்கள். கடன் இல்லை என்று மேசையில் எழுதி ஒட்டுங்கள், பெரியவர்களிடம் வாய்விட்டுக் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சம். மூன்று, காசுப் பெட்டியைப் பெரியவர்கள் வாங்கி எண்ணுவது. தொடாதீர்கள். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளே எண்ணட்டும், பிழை வந்தால் திருப்பி எண்ணட்டும்.

மேடை, மாலை, பிரதம விருந்தினர் வைத்தால் காலை நேரம் முழுக்க அதிலேயே போய்விடும். வலயத்திலிருந்து வருபவரை வாடிக்கையாளராக அழைத்தோம். அவர் இரண்டு பை மிளகாய்த்தூளை வாங்கினார், விலை ஏன் இவ்வளவு என்று கேட்டார், பதினைந்து வயதுப் பிள்ளை கொப்பியைத் திறந்து காட்டினாள்.

10. முடிந்த பிறகு

நன்றாக விற்ற குழு தொடர்ந்து செய்யக் கேட்கும். இங்கே சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் தனியாகச் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் சட்டப்படி நிற்காது, ஆகவே வணிகப் பெயர்ப் பதிவும் பெற்றோர் பெயரில்தான் எடுக்க வேண்டிவரும். அதற்கு அடையாள அட்டை, கிராம அலுவலர் உறுதிப்படுத்தல், இடத்துக்கான உறுதி அல்லது வாடகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது 2021 முதல் 16. கடைக்காரர் யாராவது வந்து "கிழமைக்கு நூறு பை செய்து தாருங்கள்" என்று பிள்ளைகளிடம் கேட்டால் அங்கே உடனே தலையிடுங்கள், அது வகுப்பு அல்ல, கூலி வேலை. தாயோ மாமியோ பொறுப்பெடுத்து, பிள்ளை சனிக்கிழமை உதவி செய்வது வேறு.

இலாபத்தைப் பிரித்துக் கையில் கொடுத்த அன்றே வங்கிக்குக் கூட்டிப் போங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் பெற்றோரில் ஒருவரின் அடையாள அட்டையும் இருந்தால் சிறுவர் சேமிப்புக் கணக்குத் திறக்கலாம். முதல் நாளே சான்றிதழ்ப் பிரதி கொண்டுவரச் சொல்லுங்கள், சிலருக்கு அதை எடுக்கவே மூன்று வாரம் பிடிக்கும்.

எங்கள் ஆறு குழுவில் நான்கு முதலை முழுக்கத் திருப்பித் தந்தன. ஒன்று 3,100 தந்தது, மற்றது 2,250. அந்த இரண்டு குழுவும் எழுதிய நட்டக் கணக்கைத்தான் அடுத்த வகுப்புக்குப் பாடமாக வைத்திருக்கிறேன், குழுவின் பெயரை எடுத்துவிட்டு. சுழற்சி முதலாக 21,350 ரூபா சங்கக் கணக்கில் இருக்கிறது.

சந்தை முடிந்து இரண்டு வாரத்துக்குள் வலயத்துக்கு இரண்டு பக்க அறிக்கை கொடுங்கள்: எத்தனை பிள்ளைகள் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், ஒவ்வொரு குழுவின் வரவு செலவு, பற்றுச்சீட்டுகளின் பிரதி, பெற்றோர் சொன்ன குறைகள். யாரும் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் கொடுங்கள். அடுத்த வகுப்புக்கான வேண்டுகோள் கடிதத்தையும் அதோடு சேர்த்தே கையளித்தோம், ஒன்பதாவது நாள் அனுமதி வந்தது.